பெயின்டுக்கு முன்னால்: ஒரு பழைய பிக்கப் டிரக் சொல்லும் நூறு வருஷக் கதை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

இன்னைக்கு ஒரு வண்டியைப் பத்திப் பேசலாம். ஓடுற வண்டி இல்லை. ஓடுறதுக்கு இன்னும் பல மாசம் ஆகப்போற வண்டி.

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிற வீடியோ பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். வீட்டை ஒட்டி ஒரு கராஜ். உள்ளே 1950 வாக்கில் வந்த ஒரு செவர்லே பிக்கப் டிரக் ஸ்டாண்டுகள் மேல நிக்குது. இன்ஜின் இல்லை, அது இருக்கவேண்டிய இடம் வெறும் பள்ளம். கதவு ஒரு மூலையில். மட்கார்டுகள் சுவரோரம். பின்தொட்டியின் பலகைகள் எல்லாம் கழற்றியாச்சு. பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்ததில் பாடி பாதி வெறும் தகடாகவும், பாதி சாம்பல் நிற பிரைமராகவும் இருக்கு. பக்கத்தில் டப்பா டப்பாவாக போல்ட்டும் நட்டும். ஒவ்வொரு டப்பா மேலயும் எது எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டின சீட்டு.

வீடியோ பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தை ஓட்டிவிடுவார்கள். பளபளன்னு பெயின்ட் அடிச்சு, இன்ஜின் முதல்முறை உறுமுற அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம்தான் எல்லாருக்கும் வேணும். எனக்கு இந்த நடுக்கட்டம்தான் பிடிக்கும். ஏன்னா அந்த வண்டியோட வரலாறு கண்ணுக்குத் தெரியுறது இப்போ மட்டும்தான். பெயின்ட் விழுந்துட்டா மூடிக்கும்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். எழுபத்தஞ்சு வயசான வண்டியை, எந்தக் கார் கம்பெனியிலும் வேலை பார்க்காத ஒருத்தர், வீட்டில் வைத்து, ஒரு ஸ்பேனர் செட்டும் வெல்டிங் மிஷினும் கொண்டு கடைசி நட்டு வரைக்கும் கழற்றி மாட்ட முடியுது. போன வருஷம் ஷோரூமில் வாங்கின வண்டியில் நம்மால் இது முடியுமா? முடியாது. ஏன்? பழைய வண்டி எளிமையானது என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் வரலாற்றில் இருக்கு. பிக்கப் டிரக் பிறந்ததே வீட்டுக் கொட்டகையில்தான். கம்பெனிகள் அதுக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தன.

கொட்டகையில் பிறந்த வண்டி

1900களின் தொடக்கம். அப்போ அமெரிக்கக் கிராமங்களில் பலருக்குக் கார் என்றாலே ஆகாது. நகரத்துப் பணக்காரர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டிக்கொண்டு வருவார்கள். குதிரை மிரளும், கோழி அடிபடும், மண் ரோடு முழுக்கப் புழுதி கிளம்பும். 'பிசாசு வண்டி' என்றே திட்டினார்கள். சில இடங்களில் கார் வரக்கூடாதுன்னு ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டியிருக்காங்க, கம்பி இழுத்துக் கட்டியிருக்காங்க.

1908ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. மேடு பள்ளத்தில் அடி தட்டாத உயரம். நாலு சிலிண்டர், 20 குதிரைத்திறன். கொஞ்சம் கைவேலை தெரிந்த யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய அமைப்பு. விலையும் போகப்போகக் குறைஞ்சுக்கிட்டே வந்தது. பள்ளம் வெட்டின அதே ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஆனா வாங்கினவங்க அதைக் காராக மட்டும் வெச்சுக்கலை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். சக்கரத்தில் பெல்ட் மாட்டினார்கள். அந்த ஓட்டத்தில் விறகு அறுத்தார்கள், மக்காச்சோளம் உதிர்த்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். துணி துவைக்கிற மிஷினைக்கூட ஓட்டினார்கள். கரண்டு வராத பண்ணை வீட்டுக்கு மாடல் டி ஒரு நடமாடும் மோட்டார். அடுத்து, பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு அங்கே பலகையில் ஒரு பெட்டி அடித்தார்கள். பால் கேன், முட்டை, மூட்டை, பன்றிக்குட்டி எல்லாம் அதில் ஏறியது. சந்தைக்குப் போகும்போது டிரக், சர்ச்சுக்குப் போகும்போது கார்.

ரொனால்ட் க்ளைன், ட்ரெவர் பின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொழில்நுட்ப வரலாறு படிக்கிறவர்கள் மத்தியில் நிறையப் பேசப்பட்ட கட்டுரை அது. அவங்க சொல்றதைச் சுருக்கமா இப்படிச் சொல்லலாம்: ஒரு பொருள் எதற்கானது என்பதைத் தயாரிக்கிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துகிறவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார். டெட்ராய்ட்டில் கார் என்று செய்து அனுப்பினார்கள். கிராமத்தில் அது என்னவெல்லாமோ ஆனது.

இதைப் பார்த்து ஒரு வியாபாரமே கிளம்பியது. மாடல் டியை டிரக்காக மாற்றுகிற ரெடிமேட் பாகங்களைச் சில கம்பெனிகள் விற்றன. 'ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்' என்பது அதில் பிரபலமான பெயர். ஃபோர்டும் 1917ல் ஒரு டன் சுமக்கிற சேசிஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆனால் நாம் இன்று பிக்கப் என்று சொல்கிற சின்ன வண்டி, முன்னால் காரும் பின்னால் தொட்டியுமாக ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்தே முழுசாக வந்தது 1925 ஏப்ரலில்தான். 'பிக்கப் பாடியுடன் மாடல் டி ரன்அபவுட்' என்று பெயர். விலை 281 டாலர். இரும்புத் தொட்டி, பின்னால் இறக்கிவிடுகிற கதவு, பக்கவாட்டில் மரச்சட்டம் செருகத் துளைகள், சுமை தாங்க கனமான ஸ்பிரிங்.

தேதியைக் கவனிங்க. மாடல் டி வந்து 17 வருஷம் கழிச்சு. அத்தனை காலம் விவசாயிகள் கொட்டகையில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கம்பெனி அதற்கு அச்சு போட்டது.

ரோட்டோரத்தில் பிழைத்த வண்டி

அடுத்து 1930கள். பொருளாதார வீழ்ச்சி ஒரு பக்கம், புழுதிப் புயல் ஒரு பக்கம். ஓக்லஹோமா மாதிரியான மாநிலங்களிலிருந்து நிலம் இழந்த குடும்பங்கள் கலிபோர்னியாவுக்குக் கிளம்பின. ஜான் ஸ்டைன்பெக் 1939ல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் அந்தப் பயணத்தைப் பற்றியது. அதில் ஜோட் குடும்பம் போகிற வண்டி எது தெரியுமா? ஹட்சன் சூப்பர் சிக்ஸ் என்ற சொகுசுக் கார். அதை இரண்டாக வெட்டி, பின்னால் தொட்டி வைத்து டிரக் ஆக்கியிருப்பார்கள். வழியில், கூட வருகிற குடும்பத்தின் டாட்ஜ் காரில் கனெக்டிங் ராடு பேரிங் போய்விடும். டாமும், பதினாறு வயசுத் தம்பி ஆலும் ஒரு காயலாங்கடைக்குப் போய்ப் பழைய பாகத்தைத் தேடி எடுத்து வந்து மாட்டுவார்கள்.

இது நாவல்தான். ஆனா டோரதியா லாங்கே மாதிரி புகைப்படக்காரர்கள் அந்தக் காலத்தில் எடுத்த படங்களைப் பாருங்க. மெத்தை, பானை, நாற்காலி எல்லாம் கட்டின இதே மாதிரி வண்டிகள் வரிசையா வரும். வண்டியைப் பழுதுபார்க்கத் தெரிவது அந்தக் குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது. இன்ஜின் நின்றால் பயணம் நின்றது. பயணம் நின்றால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. பிரித்து மாட்ட முடிகிற வண்டியாக இருந்ததுதான் அவர்களைக் கரை சேர்த்தது.

பிறகு போர். 1942 ஜனவரியில் டயருக்கு ரேஷன் வந்தது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. அந்த வருஷக் கடைசிக்குள் நாடு முழுக்க பெட்ரோலுக்கும் ரேஷன். இரும்பு சேகரிப்பு இயக்கம் நடந்தது. ஓரமாகக் கிடந்த பழைய வண்டிகள் நிறைய உருக்குலைக்குப் போயின. இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டியே ஆகவேண்டிய நிலை. கொட்டகை மெக்கானிக்குகளுக்கு இது இன்னொரு பள்ளிக்கூடம்.

இந்த எல்லாவற்றையும் கடந்து வந்த ஜனங்களுக்காக 1947 கோடையில் செவர்லே ஒரு புது டிரக் வரிசையைக் கொண்டுவந்தது. 'அட்வான்ஸ் டிசைன்' என்று பெயர். 1955 தொடக்கம் வரை வந்தது. அதில் அரை டன் பிக்கப்பின் பெயர்தான் 3100. நாம ஆரம்பத்தில் பார்த்த கராஜில் நிக்குற வண்டி. உருண்டையான முகம், அகலமான கேபின், குறுக்குப் பட்டைகள் போட்ட கிரில். டி-சர்ட்டு, காலண்டர், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று எங்கே 'பழைய அமெரிக்க டிரக்' படம் போட்டாலும் பெரும்பாலும் இந்த முகத்தின் சாயல் இருக்கும்.

இந்த வண்டிகளோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்தது. பெட்டிகளில் வந்த பாகங்களைச் சேர்த்து செவர்லே கார்களும் டிரக்குகளும் அங்கே உருவாயின. 1954ல் மூடிவிட்டார்கள். நம்ம பக்கம் லாரி, பஸ் எல்லாம் ரொம்ப காலம் வெறும் சேசிஸாகத்தான் வரும். பாடியை நம்ம ஊர் தச்சரும் கொல்லரும் கட்டுவார்கள். வண்டியின் ஒரு பாதியை உள்ளூர்க் கை முடிக்கும் என்பது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான விஷயம் இல்லை.

பெயின்டைச் சுரண்டினால் என்ன தெரியும்?

இப்போ கராஜுக்குள்ள போவோம். வண்டியை ஏன் இந்த அளவுக்குக் கழற்ற முடிகிறது? கீழே ஏணி மாதிரி ஒரு சேசிஸ். கேபின் தனி, தொட்டி தனி, மட்கார்டு தனி, எல்லாமே போல்ட்டில் நிற்கிறது. தொட்டியைக்கூட முன்தகடு, பக்கத்தகடு, அடிப்பலகை என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். ஒரு பக்கம் நசுங்கினால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். மின்சாரம் 6 வோல்ட்; வயரிங்கை ஒரு தாளில் வரைந்துவிடலாம். விவசாயி தன் கொட்டகையில் தானே பார்த்துக்கொள்வார் என்று நம்பிச் செய்த வண்டி இது.

பெயின்ட் போனதும் முதலில் கண்ணில் படுவது துரு. துரு கண்டபடி வருவதில்லை. இந்த வரிசை வண்டிகளில் அது வழக்கமாக வருகிற இடங்கள் உண்டு: கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள், கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு, கால் வைக்கிற முன்தரை. ஏன் அங்கே மட்டும்? அந்த இடங்களில் தகடு இரண்டு அடுக்காக இருக்கும். நடுவில் மண்ணும் இலைச்சருகும் போய் உட்காரும். மழை பெய்தால் நனையும், லேசில் காயாது. உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே பெயின்டில் ஒரு குமிழ் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே தாள் மாதிரி ஆகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழும்.

அந்தத் துரு வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்பதையும் சொல்லும். அமெரிக்காவில் பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் உருக உப்புத் தூவுவார்கள். 1938ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதைச் சோதனை முயற்சியாக ஆரம்பித்தது. போருக்குப் பிறகு, ரோடு எப்பவும் கறுப்பாகத் தெரியணும் என்ற கொள்கை பரவினதும் உப்பின் அளவு தாறுமாறாக ஏறியது. ரோட்டுக்கு நல்லது, வண்டிக்கு எமன். அதனால்தான் அங்கே பழைய டிரக் தேடுகிறவர்கள் அரிசோனா மாதிரி வறண்ட ஊர் வண்டி என்றால் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருப்பார்கள். வெயிலில் சீட்டு கிழிந்திருக்கும், பெயின்ட் வெளுத்திருக்கும், ஆனால் தகடு உறுதியாக இருக்கும்.

துருவுக்கு அடுத்தது தழும்புகள். தொட்டியின் உள்பக்கம் முழுக்க உள்ளிருந்து வெளியே தள்ளின நசுங்கல்கள் இருந்தால், கல்லோ கட்டையோ ஏற்றின வண்டி. பின்பம்பரில் கூடுதல் துளைகள் இருந்தால் டிரெய்லர் இழுத்திருக்கு. டேஷ்போர்டில் கம்பெனி போடாத துளை இருந்தால் யாரோ ஒரு ஸ்விட்ச் வெச்சிருந்திருக்காங்க. ஒட்டுப்போட்ட வெல்டிங்கைப் பார்த்தாலே போட்டவர் கை தெரிஞ்சவரா, அவசரத்தில் இருந்தவரா என்று சொல்லிவிடலாம். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் ஒரு காலக்கணக்கு. பழைய பாடி ஷாப்களில் ஈயத்தை உருக்கித் தடவி, அரத்தால் ராவி மேடு பள்ளம் சரிசெய்வார்கள். பிளாஸ்டிக் பட்டி வந்தது 1950களில். ஆக, ஈயம் தென்பட்டால் அந்த ஒட்டுவேலை அநேகமாகப் பழைய காலத்துக் கை செய்தது.

ஒரு பக்கம் இது டிங்கரிங் வேலை. இன்னொரு பக்கம் பார்த்தால், எழுதப் படிக்க நேரமில்லாத உழைப்பாளிகள் விட்டுப்போன டைரி. அந்த வண்டியில் சுமை ஏற்றினவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. தகட்டில் இருக்கு.

பெயின்ட் என்ற முடிவு

இந்த இடத்தில்தான் புதுப்பிக்கிறவருக்குச் சிக்கல். நசுங்கலை எல்லாம் தட்டி நேராக்கினால் டைரியின் பக்கங்களை அழிக்கிற மாதிரி. அப்படியே விட்டால் தண்ணீர் புகுந்து டைரியே மிஞ்சாது. எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது? இதைப் பெயின்டுக்கு முன்னால்தான் முடிவு செய்ய முடியும்.

பெயின்டுக்கே ஒரு வரலாறு உண்டு. 1914லிருந்து 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது. மற்ற கம்பெனிகளின் வண்ணக் கார்களுக்கு, தூரிகையால் பல பூச்சு பூசி, ஒவ்வொன்றும் காய்ந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1920களின் முதல் பாதியில் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. ஸ்ப்ரே பண்ணலாம், மணிக்கணக்கில் காய்ந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் 1924 மாடல் ஓக்லண்ட் கார்கள் அந்த நீல நிறத்தில் வந்தன. வருஷா வருஷம் புது நிறம், புது மாடல் என்று ஆசை காட்டுகிற வியாபாரத்துக்கு இது பெரிய கதவு திறந்துவிட்டது.

டிரக் மட்டும் அந்த ஃபேஷனில் ரொம்ப நாள் சேரவில்லை. அட்வான்ஸ் டிசைன் டிரக்குகளின் வழக்கமான நிறம் பல வருடங்களுக்கு ஒரு கரும்பச்சை. அடிப்பலகை சாதாரண பைன் மரம், இடையில் இரும்புப் பட்டைகள். மண்வெட்டி உராயுற இடத்துக்கு அது போதும். இன்னைக்கு வண்டிக் கண்காட்சிக்குப் போனால் அதே டிரக் ஆப்பிள் சிவப்பில் கண்ணாடி மாதிரி மின்னும். அடியில் ஓக் பலகை, வார்னிஷ், பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் பட்டை. அழகுதான், மறுக்கலை. ஆனா அந்தத் தொட்டியில் ஒரு மூட்டை உரம் போட யாருக்கும் மனசு வராது. தொழிற்சாலையில் பிறந்த நாளில்கூட அந்த வண்டி அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

இதுக்கு எதிர்த்திசையில் ஒரு கூட்டம் உண்டு. வெளுத்த பெயின்டையும் தேய்ந்த எழுத்தையும் அப்படியே விட்டு, துருவை மட்டும் நிறுத்தி, மேலே ஒரு தெளிந்த பூச்சோ எண்ணெயோ தடவி ஓட்டுவார்கள். கதவில் ஏதோ ஒரு பண்ணையின் பேர் மங்கலாகத் தெரிந்தால் அதை அழிக்கவே மாட்டார்கள். ரெண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியும் இருக்கு: தகட்டைப் பலப்படுத்தி, அந்த வருஷத்து நிறத்தையே அடித்து, வேலைக்கு ஓட்டுவது. எனக்குக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் அந்த வண்டிக்குச் செய்யுற மரியாதை. வேலைக்காகப் பிறந்த வண்டி வேலை செய்யட்டுமே.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் இதைச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் போகும். ஆற்று மணலை வைத்து சேண்ட் பிளாஸ்டிங் செய்தால் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கும். பிரிட்டன் இந்த வேலைக்கு மணலைப் பயன்படுத்துவதை 1950லேயே தடை செய்தது. இன்றைய இரண்டு கலவை பெயின்டுகளில் ஐசோசயனேட் இருக்கும். சரியான மாஸ்க் இல்லாமல் அடித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் போகாமலும் இருக்கலாம். நூறு வருஷமா பட்டறையில் வேலை செய்தவர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

இன்ஜின் வருவதற்கு முன்

ஏன் இன்ஜினைக் கடைசியில் வைக்கிறார்கள்? காரணம் எளிது. இன்ஜின் உட்காருகிற குழியையும் அதன் பின்சுவரையும் ஒழுங்காகப் பெயின்ட் அடிக்க, அது காலியாக இருக்கணும். தூளும் ஸ்ப்ரேயும் இன்ஜினுக்குள் போகக்கூடாது. ஆனால் அனுபவசாலிகள் பெயின்டுக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்ப்பார்கள். கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் வெறும் தகடாகவே ஒருமுறை மாட்டிப் பார்ப்பார்கள். கதவுக்கும் கேபினுக்கும் நடுவில் இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி வருதா, போல்ட்டுத் துளை எல்லாம் நேருக்கு நேர் நிக்குதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றுவார்கள். சிலர் பழைய காலி இன்ஜின் பிளாக் ஒன்றைச் சும்மா உட்காரவைத்தும் பார்ப்பார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சில நூறு கிலோ. அந்தப் பாரம் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும், சேசிஸ் லேசாக வளையும். பாரமில்லாமல் சரியாக மூடின கதவு அதுக்கப்புறம் இடிக்கலாம். அது பெயின்டுக்குப் பிறகு தெரிந்தால் கண்ணீர்தான்.

எந்த இன்ஜினை வைப்பது என்பது இன்னொரு கேள்வி. 3100ல் முதலில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன் சொச்சம். இன்றைய சின்னக் கார்களே அந்த அளவு கொடுக்கும். அதன் ராடு பேரிங்குகள் பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையால் ஆனவை. அது தேய்ந்தால் உருக்கி ஊற்றிக் கடைந்து எடுக்கணும். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தெரிந்த வேலை. இன்றைக்கு அதைச் செய்யத் தெரிந்த பட்டறையைத் தேடிப் போகணும். அதனால் நிறையப் பேர் அடுத்துவந்த 235 இன்ஜினையோ, புது வி-8 இன்ஜினையோ வைத்துவிடுகிறார்கள். ஹைவேயில் போக வசதி. மாடல் டியை வெட்டி டிரக் செய்தவர்களின் வாரிசுகள்தானே, மாற்றுவதும் அந்த மரபில் சேர்ந்ததுதான். ஆனால் பேபிட் ஊற்றுகிற கை ஒன்று குறைகிறபோது ஒரு அறிவும் குறைகிறது. இரண்டையும் சொல்லியாகணும்.

திறந்து பார்க்கிற உரிமை

இப்போ முதல் கேள்விக்கு வரலாம். அந்த டிரக்கை வீட்டில் பிரிக்க முடிவது தற்செயல் இல்லை. வாங்கினவர்கள் நாற்பது வருஷம் வெட்டி, ஒட்டி, மாட்டி, 'எங்களுக்கு இப்படித்தான் வேணும்' என்று தங்கள் கையால் சொன்னதன் விளைவு அது.

இன்றைக்கு அதே விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் நிலைமை வேற. நவீன டிராக்டரில் ஒரு சென்சார் போனால், கம்பெனியின் சாஃப்ட்வேர் இல்லாமல் கோளாறு என்னவென்றே கண்டுபிடிக்க முடியாத நிலை வந்தது. அறுவடை நேரத்தில் வண்டி வயலில் நிற்கும், டீலருடைய ஆள் வரும்வரை காத்திருக்கணும். இதிலிருந்துதான் 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற இயக்கம் பலம் பெற்றது. 2012ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கார்களுக்கு இந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2023ல் கொலராடோ விவசாய இயந்திரங்களுக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் டிராக்டர் கம்பெனி மேல் இதே விஷயத்துக்காக வழக்கு போட்டது. இந்தியாவிலும் 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறையை எடுத்துக்கொண்டார்கள்.

புது வண்டிகள் மோசம் என்று நான் சொல்லவரலை. அந்த 3100ல் சீட் பெல்ட் கிடையாது. 1949லிருந்து பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது! அதில் குழந்தையை உட்காரவைத்துக் கூட்டிப்போக இன்று யாரும் யோசிப்போம். பாதுகாப்பும் குறைந்த புகையும் நமக்குக் கிடைத்த நல்லவைதான். ஆனால் வண்டி நம்மைக் காப்பாற்றுவதும், நாம் வண்டியைத் திறந்து பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. திறக்க முடியாதபடி பூட்டுவது ஒரு வியாபார முடிவு. ஜனங்கள் கையால் மாற்றிய வரலாறு நமக்குத் தெரியும் என்பதால், அந்த முடிவையும் மாற்ற முடியும் என்று நம்ப இடமிருக்கு.

உங்களில் யாராவது தாத்தாவோட பழைய ஜீப்பையோ, அப்பாவோட ஸ்கூட்டரையோ பிரிச்சுப் போட்டு வெச்சிருந்தா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பெயின்ட் அடிக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்க. வெறும் தகட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. எந்த நசுங்கல் எப்படி வந்தது, எந்த ஒட்டு யார் போட்டது என்று வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. அதுக்கப்புறம் எந்த நிறம் வேணும்னாலும் அடிங்க.